'ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது' என்றால் பணம் போனதுதானா?

இணையத்தில் வாங்கிய ஹெட்ஃபோன். விலை 189 வெள்ளி. முதல் மூன்று வாரம் பிரமாதமாகப் பாடியது. பிறகு ஒருநாள் எம்ஆர்டியில் போகும்போது இடது பக்கம் அமைதியாகிவிட்டது. சார்ஜ் போட்டுப் பார்த்தாச்சு, ரீசெட் செய்து பார்த்தாச்சு, பலனில்லை. விற்பனையாளருக்குச் செய்தி அனுப்பினால் ஒரே வரியில் பதில்: "சாரி டியர், 15 நாள் ரிட்டர்ன் காலம் முடிஞ்சிருச்சு."

இது ஓர் உதாரணம்தான். ஆனால் இணையத்தில் அடிக்கடி பொருள் வாங்குவோர் பலருக்கும் இப்படி ஒரு பதில் வந்திருக்கும். வந்ததும் "சரி, நம்ம நேரம்" என்று விட்டுவிடுகிறோம். 189 வெள்ளி என்பது பகுதிநேர வேலை பார்க்கும் மாணவருக்கு இரண்டு, மூன்று நாள் உழைப்பு.

அப்படி விட்டுவிடத் தேவையில்லை. அந்த 15 நாள் தளத்தின் விதி. சட்டத்தின் கெடு அதுவல்ல. இரண்டும் வெவ்வேறு கடிகாரங்கள். ஒன்று நின்றுவிட்டால் மற்றொன்றும் நின்றுவிடாது.

எந்தப் பிரச்சினைக்குச் சட்டம் துணை வரும்?

முதலில் உங்கள் பிரச்சினை எந்த வகை என்று பாருங்கள். பொருளில் கோளாறா? விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறா? அல்லது வாங்கிய பிறகு மனசு மாறிவிட்டதா?

மனசு மாறினால் சிங்கப்பூர்ச் சட்டம் உங்களுக்கு எதையும் தருவதில்லை. நிறம் பிடிக்கவில்லை, அளவு பொருந்தவில்லை, வேறு கடையில் விலை குறைவு... இதற்கெல்லாம் தளமோ விற்பனையாளரோ சலுகையாக ஏதாவது கொடுத்தால்தான் உண்டு. "இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பித் தரலாம்" என்று டிக்டாக்கில் சிலர் அடித்துச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. இங்கே கிடையாது. வீட்டுக் கதவைத் தட்டி விற்பது போன்ற நேரடி விற்பனைக்கு ஐந்து நாள் அவகாசம் இங்கு உண்டு. சாதாரண இணைய விற்பனைக்கு அது பொருந்தாது.

கோளாறுள்ள பொருள் என்றால் நிலைமை வேறு. 2012 செப்டம்பர் 1 முதல் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தில் ஒரு பகுதி நடப்பில் இருக்கிறது. 'லெமன் லா' என்றால் பலருக்குத் தெரியும். பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்பனையாளர். நீங்கள் அல்ல.

"நீங்க கீழே போட்டிருப்பீங்க" என்று அவர் சும்மா சொல்லிவிட்டால் போதாது. அதைக் காட்ட வேண்டும். உண்மையிலேயே நீங்கள் கீழே போட்டிருந்தால் அது வேறு விஷயம். தவறாகப் பயன்படுத்தியதால் வந்த சேதத்துக்கும், வாங்கும்போதே உங்களுக்குச் சொல்லப்பட்ட குறைக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. காய்கறி, உணவு போன்று சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள்களுக்கும் 6 மாதக் கணக்கு ஒத்துவராது.

6 மாதம் தாண்டினால் உரிமை முற்றாகப் போய்விடும் என்றில்லை. ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலைக்கு மாறிவிடும்.

உடனே முழுப் பணமும் கேட்கலாமா?

இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். சட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பழுதுபார்த்துத் தர வேண்டும், அல்லது வேறு பொருள் மாற்றித் தர வேண்டும். அது முடியாது என்றாலோ, நியாயமான காலத்துக்குள் நடக்கவில்லை என்றாலோ, உங்களுக்குப் பெரிய சிரமம் கொடுத்தாலோதான் அடுத்த படி: பொருளை வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம், அல்லது பொருளைக் கொடுத்துவிட்டுப் பணத்தைப் பெறலாம். இதுவரை பயன்படுத்தியதற்காக அந்தப் பணத்தில் கொஞ்சம் கழிக்கப்படலாம்.

எனவே முதல் செய்தியிலேயே "ரீஃபண்ட் கொடு, இல்லாட்டி கோர்ட்" என்று ஆரம்பிப்பது உங்களையே பலவீனமாக்கும். "பழுதுபார்த்துக் கொடுங்கள் அல்லது மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டு, அதற்கு அவர் மறுத்தது எழுத்தில் இருந்தால், பின்னால் பணம் கேட்க அதுவே வலுவான காரணம்.

விற்பனையாளர் வழக்கமாகச் சொல்லும் மூன்று பதில்களுக்கும் சட்டத்தில் விடை உண்டு.

"தயாரிப்பாளரின் வாரண்ட்டிக்குப் போங்க" என்பார். வாரண்ட்டி கூடுதல் வசதி. அதைப் பயன்படுத்துவதும் விடுவதும் உங்கள் விருப்பம். லெமன் லா சுமத்தும் பொறுப்பு உங்களுக்கு விற்றவர்மீதுதான்.

"கூரியர் செலவு உங்களது" என்பார். கோளாறுள்ள பொருளைப் பழுதுபார்க்க அல்லது மாற்றித் தர ஆகும் தேவையான செலவு, போக்குவரத்துச் செலவு உள்பட, விற்பனையாளருடையது.

"நோ ரீஃபண்ட், நோ எக்ஸ்சேஞ்ச் என்று போட்டிருக்கோமே" என்பார். மனசு மாறியவரிடம் அந்த அறிவிப்பைக் காட்டலாம். கோளாறுள்ள பொருளை வாங்கியவரிடம் காட்டிப் பயனில்லை. ஓர் அறிவிப்பு ஒட்டி இந்தச் சட்டத்திலிருந்து விலகிக்கொள்ள முடியாது.

யாரிடம் வாங்கினீர்கள்?

எல்லாச் சட்டமும் இந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது. ஆனால் 'பை நவ்' அழுத்தும்போது நாம் யாரும் இதைப் பார்ப்பதில்லை.

ஷாப்பி, லஸாடா, கேரோசல் போன்றவை சந்தைகள். பெரும்பாலான நேரங்களில் உங்கள் ஒப்பந்தம் தளத்தோடு அல்ல, அதில் கடை போட்டிருப்பவரோடு. தளமே நேரடியாக விற்றால் மட்டும் தளம்தான் விற்பனையாளர்.

அந்தக் கடைக்காரர் சிங்கப்பூரில் பதிவான வர்த்தகம் என்றால் லெமன் லா முழுமையாகப் பொருந்தும். பயன்படுத்திய பொருளாக இருந்தாலும் பொருந்தும். ஆனால் அதன் வயது, விலை இரண்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். நான்கு வருடப் பழைய கைப்பேசியின் பேட்டரி புதிதுபோல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

விற்றவர் உங்களைப் போன்ற தனிமனிதர் என்றால், உதாரணமாகக் கேரோசலில் தன் பழைய கேமராவை விற்கும் ஒருவர் என்றால், லெமன் லா கிடையாது. தரம் பற்றிய உத்தரவாதமும் பெரும்பாலும் கிடையாது. ஆனால் ஒன்று மிஞ்சுகிறது: விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்ற விதி தனிமனிதருக்கும் உண்டு. "அசல் லென்ஸ், கீறல் இல்லை" என்று எழுதி விற்றுவிட்டுக் கீறல் விழுந்த போலி லென்ஸை அனுப்பினால் நீங்கள் கேட்கலாம். அதனால்தான் வாங்கும் முன்பே விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்கிறோம். பிரச்சினை வந்த பிறகு அந்தப் பக்கம் மாறிவிடும், அல்லது மறைந்துவிடும்.

விற்பனையாளர் வெளிநாட்டில் இருந்தால் சட்ட வழி ரொம்பவே சிரமம். உத்தரவு வாங்கினாலும் அதை அங்கே நிறைவேற்றுவது வேறு கதை. அந்த நிலையில் தளமும் உங்கள் வங்கியும்தான் நடைமுறையில் உதவும்.

எப்படித் தெரிந்துகொள்வது? கடையின் விவரப் பக்கத்தில் நிறுவனப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் நிறுவனம் உண்மையில் இருக்கிறதா, இன்னும் இயங்குகிறதா என்று தெரியும். பொருள் எங்கிருந்து அனுப்பப்படுகிறது என்ற வரியையும் கவனியுங்கள். ஆனால் 'சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்படுகிறது' என்றால் கிடங்கு இங்கே இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். கடைக்காரர் வேறு நாட்டில் இருக்கலாம்.

தளத்தின் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால்

அப்படியானால் அதைத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும். வேகமான வழி அதுதான். தளம் உங்கள் பணத்தை உடனே விற்பனையாளரிடம் கொடுப்பதில்லை. பொருள் கிடைத்தது என்று நீங்கள் உறுதிசெய்யும் வரையோ, குறிப்பிட்ட நாள் முடியும் வரையோ தன்னிடம் வைத்திருக்கும். பணம் அங்கே இருக்கும்வரை உங்கள் பேச்சுக்கு மதிப்பு அதிகம். எத்தனை நாள் என்பது தளத்துக்குத் தளம் மாறும், சிலவற்றில் ஓரிரு நாள்தான். எனவே பெட்டியைப் பிரித்து, பொருளை இயக்கிப் பார்க்கும்வரை 'ஆர்டர் ரிசீவ்ட்' பொத்தானைத் தொடாதீர்கள். அழுத்தினால் காயின் தருகிறேன் என்று சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம்.

திருப்பித் தரும் காரணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. பட்டியலில் முதலில் இருக்கிறது என்று 'மனம் மாறிவிட்டது' என்பதை அழுத்திவிட்டால், கோளாறு பற்றிய உங்கள் வாதத்தை நீங்களே கைவிட்டது போல் ஆகிவிடும். விலை உயர்ந்த பொருள் என்றால் பெட்டியைத் திறப்பதை ஒரே காணொளியாக எடுங்கள். முகவரி ஒட்டிய சீட்டு முதலில் தெரியட்டும். வெட்டி ஒட்டிய காணொளியை எளிதில் மறுத்துவிடலாம்.

இன்னொரு பொறி. விற்பனையாளர் சேட்டில் அன்பாகப் பேசுவார்: "டிஸ்பியூட்டை கேன்சல் பண்ணிடுங்க, நான் பேநவ்-ல பாதிப் பணம் அனுப்புறேன்." கேன்சல் செய்தால் பல தளங்களில் அதே ஆர்டருக்கு மறுபடியும் திறக்க முடியாது. பணமும் வராமல் போகலாம். பேச்சு எதுவானாலும் தளத்தின் சேட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ அழைத்தால் போக வேண்டாம். தளத்தில் உங்கள் வழக்கைப் பார்ப்பவருக்கு வெளியே நடந்த பேச்சு தெரியாது.

விற்பனையாளர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தோ பாயோ அடுக்குமாடி வீட்டில் இரண்டு அலமாரி சரக்கோடு தொழில் நடத்துபவரும் அந்தப் பக்கம் இருக்கலாம். ஒருநாள் விருந்துக்கு அணிந்துவிட்டுப் புடவையைத் திருப்பி அனுப்பும் வாடிக்கையாளர்களை அவரும் பார்த்திருப்பார். மரியாதையாகப் பேசினால் தகராறு இல்லாமலே பாதி விஷயம் முடிந்துவிடும்.

தளம் பணத்தை வைத்திருக்கிறது என்றால் அது தளத்தின் நிதிநிலையைப் பொறுத்தது என்பதும் உண்மை. கியூ10 தளத்தில் விற்றவர்களுக்குப் பணம் போய்ச் சேரவில்லை என்ற புகார்களுக்குப் பிறகு, 2024 செப்டம்பரில் அதன் கட்டணச் சேவைகளை நிறுத்தும்படி சிங்கப்பூர் நாணய ஆணையம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் நிறுவனத்தைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தளத்தின் வாலட்டில் பெரிய தொகையைச் சும்மா போட்டு வைக்காதீர்கள்.

கடிகாரம் நின்றுவிட்டது. இப்போது?

ஹெட்ஃபோனுக்கே திரும்புவோம். தளத்தின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது, 6 மாதத்துக்குள் தாராளமாக இருக்கிறது.

விற்பனையாளருக்கு ஒரு செய்தி எழுதுங்கள். நீளமாக வேண்டாம். ஆர்டர் எண், பொருள் கைக்கு வந்த நாள், கோளாறு தெரிந்த நாள், என்ன கோளாறு, நீங்கள் கேட்பது என்ன, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வாரம் அவகாசம் கொடுப்பது நியாயமாக இருக்கும். "தளத்தின் ரிட்டர்ன் காலம் முடிந்தது தெரியும், பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பழுதுபார்ப்பை அல்லது மாற்றுப் பொருளைக் கேட்கிறேன்" என்று ஒரு வரி சேருங்கள். மிரட்டல் தொனி தேவையில்லை. சட்டத்தின் பெயரைச் சரியாகச் சொல்பவரிடம் 'சாரி டியர்' என்று மறுபடியும் பதில் அனுப்பப் பலர் யோசிப்பார்கள்.

கடன்பற்று அட்டையில் கட்டியிருந்தால் இன்னொரு வழி உண்டு. வங்கியிடம் 'சார்ஜ்பேக்' கேட்கலாம். பொருள் வரவே இல்லை, விவரித்தபடி இல்லை, கோளாறாக இருக்கிறது என்ற காரணங்களுக்கு இது பொருந்தும். அட்டை நிறுவனங்களின் விதிகளில் கெடு பொதுவாக 120 நாள். ஆனால் உங்கள் வங்கி அதற்கு முன்பே கேட்கலாம், எனவே தள்ளிப்போடாதீர்கள். விற்பனையாளரிடம் முதலில் பேசிப் பார்த்ததற்கான ஆதாரத்தையும் வங்கி எதிர்பார்க்கும். வெளிநாட்டு விற்பனையாளர் விஷயத்தில் பல நேரம் இது ஒன்றுதான் மிஞ்சும்.

பேநவ் வழியாக நேரடியாக அனுப்பிய பணத்துக்குச் சார்ஜ்பேக் கிடையாது. அது ஒருவர் கையில் ரொக்கம் கொடுத்தது போலத்தான். "பேநவ்-ல கொடுத்தா அஞ்சு வெள்ளி குறைவு" என்று யாராவது சொன்னால், அந்த ஐந்து வெள்ளிக்கு நீங்கள் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று யோசியுங்கள்.

யாரிடம் புகார் செய்வது?

சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் (கேஸ்) உங்களுக்கும் விற்பனையாளருக்கும் இடையே பேசித் தீர்க்க உதவும். பல வர்த்தகங்கள் இந்த நிலையிலேயே இறங்கி வந்துவிடும். ஆனால் கேஸ் நீதிமன்றம் அல்ல. பணத்தைக் கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்த அதற்கு அதிகாரம் இல்லை. போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் 2018 ஏப்ரல் முதல் இந்தச் சட்டத்தை நிர்வகிக்கிறது. தொடர்ந்து நேர்மையற்ற முறையில் நடக்கும் வர்த்தகத்தை அது நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். உங்கள் 189 வெள்ளியை வாங்கித் தருவது அதன் வேலை இல்லை.

அந்த 189 வெள்ளிக்கு உத்தரவு போடக்கூடிய இடம் அரசு நீதிமன்றங்களின் கீழ் இயங்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அங்கே வழக்கறிஞர்களுக்கு இடமில்லை. நீங்களும் எதிர்த்தரப்பும்தான் பேசுவீர்கள். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும்; இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. கோரிக்கை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும். நாம் முதலில் சொன்ன இரண்டாவது கடிகாரம் ஏறக்குறைய அவ்வளவு தூரம் ஓடுகிறது.

கட்டணம்? 5,000 வெள்ளிக்கு மேற்போகாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. சிங்பாஸ் மூலம் சிஜேடிஎஸ் என்ற இணையத்தளத்தில் நுழைந்து பதிவு செய்யலாம். அங்கேயே இரு தரப்பும் இணையம்வழி பேரம் பேசி முடித்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. அதில் முடியாவிட்டால் பதிவாளர் முன்னிலையில் ஒரு சந்திப்பு, சமரசத்துக்கான முயற்சி. அதிலும் முடியாவிட்டால்தான் விசாரணை.

கொண்டுபோக வேண்டியவை: விளம்பரப் பக்கத்தின் படம், ஆர்டர் விவரம், பணம் கட்டிய ஆதாரம், முழு சேட், கோளாற்றைக் காட்டும் காணொளி. சேட்டில் உங்களுக்குச் சாதகமான வரிகளை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுக்காதீர்கள். எதிர்த்தரப்பு முழுவதையும் காட்டினால் உங்கள்மீதுதான் சந்தேகம் வரும்.

எதிர்த்தரப்பு யார் என்று சொல்லவும் வேண்டும். நிறுவனம் என்றால் அதன் பதிவு விவரத்தை இணைக்க வேண்டியிருக்கும். தனிமனிதர் என்றால் உண்மைப் பெயரும் முகவரியும் தேவை. கேரோசலில் இருக்கும் புனைபெயர் மட்டும் போதாது. தனியுரிமை காரணமாகத் தளங்கள் அந்த விவரங்களைச் சுலபத்தில் கொடுப்பதில்லை. கேமராவை நேரில் சந்தித்து வாங்கியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வென்ற பிறகும் ஒரு சிக்கல் வரலாம். உத்தரவு வந்தும் விற்பனையாளர் பணம் கட்டவில்லை என்றால், அதை நிறைவேற்றத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். 25 வெள்ளி டீ-ஷர்ட்டுக்கு இவ்வளவு தூரம் போவது கட்டுப்படியாகாது. 189 வெள்ளி ஹெட்ஃபோனுக்கு, விற்றவர் இங்கே பதிவு பெற்று இன்னும் தொழில் நடத்துகிறார் என்றால், 10 வெள்ளி கட்டிப் பதிவு செய்வது வீண் இல்லை என்பது எங்கள் கருத்து. மன்றத்திலிருந்து அறிவிப்பு போன பிறகு, விசாரணை நாளுக்கு முன்பே சமரசத்துக்கு வர நினைக்கும் விற்பனையாளர்களும் உண்டு.

தகராறு அல்ல, மோசடி என்றால்?

கடை ஒரே இரவில் காணாமல் போனது, சேட்டில் உங்களைத் தடை செய்துவிட்டார், பணம் திரும்பப் பெற ஓர் இணைப்பை அழுத்தச் சொல்கிறார், 'சரிபார்ப்பு'க்காக முதலில் கொஞ்சம் பணம் போடச் சொல்கிறார்... இவை ரிட்டர்ன் தகராறு அல்ல. இதற்கு மேலே சொன்ன வரிசை எதுவும் வேண்டாம். முதலில் வங்கியை அழைத்துப் பணப் பரிமாற்றத்தை நிறுத்தப் பாருங்கள், பிறகு காவல்துறையில் புகார் செய்யுங்கள். மோசடியா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம். பணத்தைத் திருப்பித் தர உங்கள் ஓடிபி எண்ணோ சிங்பாஸ் கடவுச்சொல்லோ எந்த விற்பனையாளருக்கும் தேவைப்படாது.